போர் விவரத்தைச் சொன்னால் காவிரிப் பங்கு குறையுமா?

கேள்வி:

ஐயா, சீர்காழிக்குக் கிழக்கே எனக்குப் பன்னிரண்டு மா நிலம், அதாவது நாலு ஏக்கர். அப்பா காலத்தில் நாற்பது அடியில் பில்டர் பாயிண்ட் (ஆழம் குறைந்த குழாய்க் கிணறு) இருந்தது. இப்போது 200 அடியில் போர், ஏழரை எச்பி மோட்டார். அதை நம்பித்தான் குறுவை. போன கோடையில் நாற்றின் நுனி கருகியது, தண்ணீரும் லேசாகக் கரிக்கிறது. இதற்கிடையில் கிணறு, போர் எல்லாம் கணக்கெடுக்கிறோம் என்று ஒருவர் வந்து ஆழம், எச்பி, பாசனப் பரப்பு எல்லாம் கேட்டார். "உண்மையைச் சொல்லாதே. டெல்டாவில் நிலத்தடி நீர் தாராளம் என்று காட்டி இன்னும் பத்து டிஎம்சியை வெட்டிவிடுவார்கள், 2018-ல் அப்படித்தான் போச்சு" என்கிறார்கள் ஊரில். என் மச்சானோ, "போருக்குக் கட்டுப்பாடு வரப் போகிறது, அதற்குள் 400 அடியில் இன்னொன்று போட்டுவிடு" என்கிறார். கர்நாடகாவில் எத்தனை போர் இருக்கிறது என்று யாராவது போய்க் கேட்கிறார்களா? நான் என்ன செய்யட்டும்?

— ஒரு விவசாயி, மயிலாடுதுறை மாவட்டம்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

நீங்கள் காத்திருக்கிற விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். கணக்கெடுக்க வருபவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மச்சான் சொல்கிற 400 அடி போரை இப்போதைக்குப் போடாதீர்கள். ஏன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. உங்கள் ஊரில் பேசுவதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியை வைத்துத்தான் தப்பான முடிவுக்குப் போகிறார்கள்.

பாதி உண்மை எது என்று பார்ப்போம். காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5-ம் தேதி இறுதித் தீர்ப்புக் கொடுத்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு வருடமாவது ஆற்றில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிற 740 டிஎம்சியை எடுத்துக்கொண்டு, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரித்தது. மீதி 14-ல் சுற்றுச்சூழலுக்கு 10, எப்படியும் கடலுக்குப் போய்விடுகிற தண்ணீர் 4. கர்நாடகம் எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளந்து விட வேண்டியது 192: சுற்றுச்சூழலுக்கான 10, நம் 419-ல் 182. பாக்கியெல்லாம் நம் எல்லைக்குள் பெய்கிற மழையில் ஓடி வருவது.

2018 பிப்ரவரி 16-ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த 192-ஐ 177.25 ஆக்கியது. குறைந்த 14.75 டிஎம்சியில் 4.75 பெங்களூரின் குடிநீருக்காக. மிச்சம் 10 டிஎம்சிக்குச் சொன்ன காரணம்தான் உங்கள் ஊர்ப் பேச்சின் வேர். காவிரி டெல்டாவில் சுமார் 20 டிஎம்சி நிலத்தடி நீர் இருக்கிறது, நடுவர் மன்றம் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை, அளவுக்கு மீறி உறிஞ்சும் அபாயம் இல்லாமல் அதில் 10 டிஎம்சியையாவது தமிழ்நாட்டின் பங்கில் சேர்க்கலாம் என்றது நீதிமன்றம். பத்து டிஎம்சி என்றால் எவ்வளவு? ஒரு நெல் பயிருக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்துப் பாருங்கள், சுமார் 58,000 ஏக்கருக்கு ஒரு போகத்துக்கான தண்ணீர்.

அந்தப் பத்து டிஎம்சி விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. தீர்ப்பை மதித்து நடக்க வேண்டும், அது வேறு. நிலத்தடி நீரோடு வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: டெல்டாவுக்கு அடியில் இருக்கும் நல்ல தண்ணீரில் பெரும்பங்கு, ஆறும் வாய்க்காலும் வயலும் கசியவிட்ட தண்ணீர். கல்லணையிலிருந்து காவிரியும் வெண்ணாறும் மணல் படுகை மேல் ஓடி வருகின்றன. வாய்க்கால்களில் பெரும்பாலானவை மண் கரைகள். சம்பாவில் மாதக்கணக்கில் வயலில் தண்ணீர் நிற்கிறது. இதெல்லாம் கீழே இறங்கித்தான் உங்கள் போரில் வருகிறது. ஒருவனுடைய சம்பளத்தையும், அந்தச் சம்பளத்தில் அவன் மிச்சம் பிடித்ததையும் இரண்டு தனி வருமானமாகக் கூட்டினால் எப்படி இருக்கும்? ஆற்று நீரையும் அது கசிந்து உண்டான நிலத்தடி நீரையும் தனித்தனியாகக் கூட்டுவது அப்படித்தான். மழை கொடுக்கும் பங்கும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆறு வராத வருடத்தில் போர் மட்டம் எப்படி இறங்குகிறது என்பது உங்களுக்கே தெரியும். 2016-ல் ஆறும் ஏமாற்றி வடகிழக்குப் பருவமழையும் ஏமாற்றியபோது டெல்டா பட்ட பாட்டை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இன்னொரு கோணமும் இருக்கிறது. போர் நமக்கு எப்போது தேவைப்படுகிறது? ஜூன் 12-ல் மேட்டூர் திறக்காத வருடத்தில், குறுவை நாற்றங்காலுக்கு. கோடை முடிகிற நேரம், வருடத்திலேயே நிலத்தடி மட்டம் மிகக் கீழே கிடக்கும் நேரம் அதுதான். காகிதத்தில் இருக்கும் 20 டிஎம்சி, கேட்கிற மாதத்தில் கேட்கிற இடத்தில் கிடைப்பதில்லை. தலைமடையில் மணற்பாங்கான இடத்தில் இருக்கிறது, உங்கள் பக்கம் கடலோரத்தில் உப்போடு இருக்கிறது.

சரி, இதிலிருந்து "அப்படியானால் என் போரை மறைத்தால் பங்கு பிழைக்கும்" என்று முடிவு கட்டுகிறார்களே, அங்கேதான் கணக்கு தலைகீழாகிறது.

ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பிலேயே, எந்த மாநிலமும் நிலத்தடி நீரைப் பயன்படுத்துவது காவிரி நீரைப் பயன்படுத்தியதாகக் கணக்கிடப்படாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஆகவே நீங்கள் ஏழரை எச்பியில் இறைத்தால் அது பிலிகுண்டுலுவில் கழியாது. 2018-ல் கழிக்கப்பட்டது நாம் இறைத்ததற்காக இல்லை. இறைக்காமல் நிலத்துக்கு அடியில் கிடக்கிறது என்று நம்பப்பட்டதற்காக.

இப்போது அரசு நிலத்தடி நீர்க் கணக்கை எப்படிப் போடுகிறது என்று பாருங்கள். நம் மாநிலத்தில் பிர்கா வாரியாகப் போடுகிறார்கள். ஒரு பக்கம் வரவு: மழை, வாய்க்கால் கசிவு, வயலிலிருந்து இறங்குவது, குளம் குட்டை. மறுபக்கம் செலவு: எத்தனை கிணறு, எத்தனை போர், ஒவ்வொன்றும் சராசரியாக வருடத்துக்கு எவ்வளவு இறைக்கும், இரண்டையும் பெருக்கி வருகிற தொகை. பம்புசெட்டுக்கு 1990-லிருந்து இலவச மின்சாரம். பெரும்பாலான இணைப்புகளில் மீட்டர் இல்லை. அதனால் யார் எவ்வளவு இறைத்தார் என்பதற்கு நேரடி அளவு கிடையாது. போர்களின் எண்ணிக்கைதான் அடிப்படை. செலவு வரவில் 70 சதவீதத்துக்குள் இருந்தால் அந்தப் பிர்கா 'பாதுகாப்பானது'. நூறைத் தாண்டினால் 'அதிநுகர்வு'.

உங்கள் கிராமத்தில் நூறு போர் இருந்து, அறுபதைத்தான் சொன்னீர்கள் என்றால் என்ன ஆகும்? செலவு குறைவாகத் தெரியும். வரவில் மிச்சம் அதிகமாகத் தெரியும். "பாருங்கள், டெல்டாவில் இவ்வளவு நிலத்தடி நீர் சும்மா கிடக்கிறது" என்று வாதாட விரும்புகிறவருக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். போரை மறைக்கிறவர் கர்நாடகத்தின் வாதத்துக்குத்தான் தெரியாமல் வலுக் கொடுக்கிறார். ஊரில் இதை எடுத்துச் சொல்லுங்கள். போர் தண்ணீர் கரிக்கிறது என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மிச்சமாகக் கிடக்கும் தண்ணீர் உப்புத் தண்ணீர் என்று பதிவானால் அதை நல்ல தண்ணீரோடு சேர்த்துக் காட்ட முடியாது. நாகப்பட்டினம் பக்கம் பல பிர்காக்களை அரசே 'உவர்' என்று தனியாக வகைப்படுத்தியிருக்கிறது.

2018 தீர்ப்பு தன் ஒதுக்கீடு பதினைந்து வருடத்துக்கு மாறாது என்று சொல்லியிருக்கிறது. 2033 வரை அந்த 177.25 நிற்கும். அதற்குப் பிறகு யாராவது கதவைத் தட்டினால், இந்த வருடங்களில் எடுத்த கிணற்றுக் கணக்கும் மட்ட அளவும் உப்பு அளவும்தான் இரண்டு தரப்புக்கும் கையில் இருக்கும் ஆயுதம். நாற்பது ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஆய்வு அறிக்கைகளை மறுபடியும் தூசி தட்டிக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை.

அடுத்து, கர்நாடகாவில் யாராவது கேட்கிறார்களா என்றீர்கள். கேட்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு வந்தது பெரும்பாலும் சிறுபாசனக் கணக்கெடுப்பாகத்தான் இருக்கும். ஒன்றிய அரசு மாநிலங்கள் மூலமாக நாடு முழுக்க நடத்துவது அது. மாண்டியாவில் போர் வைத்திருப்பவரிடமும் இதே கேள்விகள்தான்.

ஆனால் உங்கள் கேள்விக்கு உள்ளே இன்னொரு கேள்வி இருக்கிறது, அது நியாயமானது. மேலே இருப்பவர்கள் போர் போட்டு இறைத்தால் ஆற்றுக்கு வருகிற தண்ணீர் குறையாதா? குறையும். மழை நின்ற பிறகும் ஓடையில் மெல்ல ஓடுகிற தண்ணீர், கரையோர நிலத்திலிருந்து கசிந்து வருவது. கிணற்று மட்டம் ஓடைப் படுகைக்குக் கீழே போய்விட்டால் அந்தக் கசிவு நின்றுவிடும், பிறகு ஓடைத் தண்ணீரே நிலத்துக்குள் இறங்க ஆரம்பிக்கும். பெங்களூருக்குப் பக்கத்தில் அர்க்காவதி என்று ஒரு துணையாறு, காவிரியில் சேர்வது. அதில் கட்டிய திப்பகொண்டனஹள்ளி ஏரிக்கு வரத்து பல பத்தாண்டுகளாகச் சரிந்துவிட்டது. காரணங்களில் ஆழ்குழாய் இறைப்பும் யூகலிப்டஸ் தோப்புகளும் முக்கியமானவை என்று அங்குள்ள ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். நிலத்தடி நீரை எண்ண வேண்டாம் என்று சொல்கிற அந்தப் பிரிவு நமக்குக் கேடயமாக இருப்பதுபோல அவர்களுக்கும் கேடயம்.

நம் பக்கமும் சுத்தம் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். நொய்யல் காவிரியின் துணையாறுதான். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கம் ஆயிரம் அடிக்குக் கீழே போர் இறக்குகிறார்கள், பல பிர்காக்கள் அதிநுகர்வில் இருக்கின்றன. பவானி, அமராவதி, நொய்யல் வழியாக டெல்டாவுக்கு வர வேண்டிய கோடைத் தண்ணீரை மேல்காவிரிக்காரன் மட்டும் குறைக்கவில்லை, நம் மாநிலத்து மேட்டுக்காட்டு விவசாயியும் குறைக்கிறார். அவருக்கு வாய்க்கால் பாசனம் கிடையாது, போரை விட்டால் வேறு வழியும் கிடையாது. அதனால்தான் இந்தப் பேச்சை எந்தக் கட்சியும் மேடையில் எடுப்பதில்லை.

நிலத்தடி நீரையும் ஆற்றுப் பங்கீட்டையும் ஒரே கணக்கில் கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. ரிபப்ளிகன் என்று ஒரு ஆறு. கொலராடோ, நெப்ராஸ்கா, கன்சாஸ் மூன்று மாநிலங்களும் 1943-ல் ஒப்பந்தம் போட்டுப் பிரித்துக்கொண்டன. நெப்ராஸ்காவுக்கு 49 சதவீதம், கடைமடையில் இருக்கும் கன்சாஸுக்கு 40, கொலராடோவுக்கு 11. அந்த ஒப்பந்தத்தில் நிலத்தடி நீர் என்ற பேச்சே வெளிப்படையாக இல்லை. சென்னை மாகாணமும் மைசூரும் காவிரிக்காக 1924-ல் ஒப்பந்தம் போட்ட காலத்தில் போர் யார் நினைப்பில் இருந்தது? அங்கேயும் அதே கதைதான். பிறகு நெப்ராஸ்காவில் வயலின் நடுவே நட்டு வட்டமாகச் சுற்றித் தெளிக்கும் பெரிய தெளிப்பான்கள் வந்தன, ஆயிரக்கணக்கில் கிணறுகள் வந்தன, ஆறு மெலிந்தது. 1998-ல் கன்சாஸ் வழக்குப் போட்டது. ஆற்றின் ஓட்டத்தைக் குறைக்கிற அளவுக்கு நிலத்தடி இறைப்பும் அந்த மாநிலத்தின் பங்கில் சேரும் என்று 2000-ல் முடிவானது. 2002-ன் கடைசியில் சமரசம். மூன்று மாநிலங்களும் சேர்ந்து ஒரே கணினி மாதிரியை ஏற்றுக்கொண்டன: எந்தப் பகுதிக் கிணறுகள் ஆற்றிலிருந்து எவ்வளவு இழுக்கின்றன என்று அது சொல்லும்.

அதற்கப்புறமும் 2005, 2006 இரண்டு வருடங்களில் நெப்ராஸ்கா தன் பங்குக்கு மேல் 17 சதவீதம் எடுத்துவிட்டது. அளவு 70,869 ஏக்கர்-அடி, நம் கணக்கில் மூன்று டிஎம்சி சொச்சம். 2015-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதற்கு 37 லட்சம் டாலர் இழப்பீடும், தெரிந்தே மீறியதற்காக மேற்கொண்டு 18 லட்சம் டாலரும் கட்டச் சொன்னது. மூன்று டிஎம்சிக்கு! 2023-ல் நமக்கு வினாடிக்கு ஐயாயிரம் கன அடி, பதினைந்து நாள் என்று உத்தரவு வந்ததே, அது மொத்தமே ஆறரை டிஎம்சிதான்.

இதில் விவசாயிக்கு என்ன ஆனது என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. அங்கே கிணற்றுக்கு மீட்டர் வந்தது. ஒரு ஏக்கருக்குப் பல வருடங்களுக்குச் சேர்த்து இத்தனை அங்குலம் என்று ஒதுக்கீடு வந்தது. மழை வருடத்தில் மிச்சம் பிடித்ததை வறட்சி வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இதை முடிவு செய்வது தலைநகரத்து அதிகாரி இல்லை, ஊர் மக்கள் தேர்ந்தெடுக்கும் வட்டார வாரியம். கோபம், வழக்கு, வரித் தகராறு எல்லாம் நடந்தது. 2012-ல் சில வாரியங்கள் சேர்ந்து சுமார் 19,500 ஏக்கர் பண்ணை நிலத்தை வாங்கிப் பாசனத்தை நிறுத்திவிட்டு, அதே நிலத்தடி நீரைக் குழாய் போட்டு ஆற்றில் விட்டுக் கன்சாஸின் பாக்கியைத் தீர்க்கும் திட்டத்தில் இறங்கின. வினோதமாக இருக்கிறது, இல்லையா? இந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. அங்கே ஒரு பண்ணை நம் ஒரு கிராமத்து அளவு இருக்கும், நாலு ஏக்கர்காரனுக்கு அந்தச் சட்டை பொருந்தாது. ஆனால் கன்சாஸ் ஜெயித்ததற்குக் காரணம் கிணறுகளின் இடமும் ஆழமும் இறைப்பும் ஆவணமாக இருந்தது. நாமும் ஒருநாள் அர்க்காவதியைப் பற்றிக் கேட்க வேண்டுமானால், முதலில் நம் சீர்காழிக் கணக்கு மேசை மேல் இருக்க வேண்டும்.

கட்டுப்பாடு வருமா என்றால், இன்றைய நிலவரம் இது. 1882-ம் வருடத்து வசதியுரிமைச் சட்டத்தின்படி தன் நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீரை எடுத்துக்கொள்ளும் உரிமை நில உடைமையாளருக்கு. தமிழ்நாடு 2003-ல் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் கொண்டுவந்து, அதை 2013-ல் தானே ரத்து செய்துவிட்டது. 2020-ல் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையும் விவசாயத்துக்குத் தடையின்மைச் சான்று வேண்டாம் என்று விலக்குக் கொடுத்திருக்கிறது. ஆகவே இத்தனை மணி நேரம்தான் இறைக்கலாம் என்று உங்கள் மோட்டாருக்கு இப்போது எந்த வரம்பும் இல்லை. ஆனால் புதுப் போர் போட ஊராட்சியின் அனுமதி வேண்டும், 2015 விதிகள் அப்படிச் சொல்கின்றன. போர் வண்டிக்காரர், "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்பார். பிரச்சினை வந்தால் அவர் வண்டி அடுத்த மாவட்டத்தில் நிற்கும்.

எப்போதும் இப்படியே இருக்காது என்பது என் கணிப்பு. கட்டுப்பாடு என்றால் மீட்டராகத்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. பஞ்சாப் 2009-ல் சட்டம் போட்டு, அறிவித்த தேதிக்கு முன்னால் நெல் நடக் கூடாது என்றது. போரை யாரும் எண்ணவில்லை, நாட்காட்டியை வைத்தே கோடை இறைப்பைக் குறைக்கப் பார்த்தார்கள். இங்கே எது வந்தாலும், அவசர அவசரமாகப் போட்ட 400 அடி போர் உங்களைக் காப்பாற்றாது. உங்கள் இடத்தில் அது கெடுதலே செய்யக்கூடும். அதைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன், இந்தக் கடிதத்தில் உங்களுக்கு நேரடியாகப் பயன்படுகிற பகுதி இது.

கடல் நீர் நல்ல தண்ணீரைவிடக் கொஞ்சம் கனமானது, இரண்டரை சதவீதம். இதனால் கடலோர மணல் படுகையில் நல்ல நீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால், கீழே சுமார் நாற்பது அடி ஆழம் வரை உப்பைத் தள்ளி வைத்திருக்கும். திருப்பிப் பாருங்கள்: இறைத்து இறைத்து ஒரு அடி மட்டம் குறைந்தால் உப்பு நாற்பது அடி மேலே ஏறப் பார்க்கும். ஆழமாகப் போனால் நல்ல தண்ணீர் என்ற மேட்டுக்காட்டுப் பாடம் கடலோரத்தில் செல்லாது. ஆனால் உங்கள் பக்கத்து நிலம் மணல், களி, மணல், களி என்று அடுக்கடுக்காக இருப்பதால் விதிவிலக்குகளும் உண்டு. சில இடத்தில் மேல் மணல் உப்பு, களிமண்ணுக்குக் கீழே நல்ல தண்ணீர். சில இடத்தில் நேர்மாறு. பக்கத்தில் இறால் குட்டை இருந்தால் மேல் தண்ணீர் கெடுவதற்கு அது ஒன்றே போதும்.

ஆகவே உங்கள் உப்பு எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். செலவு அதிகமில்லை. ஒரு நாள் முழுக்க மோட்டாரை நிறுத்தி வையுங்கள். மறுநாள் போட்டதும் வருகிற தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடியுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒன்று, நாலு மணி நேரம் கழித்து ஒன்று. மூன்றிலும் நேரத்தை எழுதி ஒட்டி, வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மின்கடத்தும் திறன் என்று ஒரு எண் கொடுப்பார்கள், அலகு டெசிசைமன்ஸ்/மீட்டர். 0.7-க்குள் இருந்தால் கவலையில்லை. நெல்லுக்கு 2 வரைக்கும் ஓரளவு சமாளிக்கலாம். 3-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை மட்டும் நம்பிக் குறுவை வைக்காதீர்கள்.

எண்ணைவிட அது எப்படி மாறுகிறது என்பது முக்கியம். முதல் பாட்டிலில் உப்பு அதிகமாக இருந்து, இறைக்க இறைக்கக் குறைந்தால், மேல் அடுக்கின் உப்புத் தண்ணீர் கேசிங் பைப்பின் ஓட்டை வழியாகவோ பைப்புக்கு வெளியே உள்ள இடைவெளி வழியாகவோ இறங்குகிறது என்று சந்தேகப்படலாம். அது பழுது பார்க்கக்கூடிய விஷயம். மாறாக, முதலில் நன்றாக இருந்து நேரமாக ஆகக் கரித்தால், மோட்டாரின் இழுப்புக்குக் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறி வருகிறது. அப்படியானால் ஆழப்படுத்துவது தற்கொலை. ஏழரையை எடுத்துவிட்டுச் சின்ன மோட்டாராகப் போட்டு, கொஞ்ச நேரம் இறைத்து, இடைவெளி விட்டு, மறுபடி இறைக்க வேண்டும். மணிக்கு வருகிற தண்ணீர் குறையும், வருகிற தண்ணீர் பயிருக்கு ஆகும்.

நாற்று நுனி கருகியது என்றீர்கள். நெல்லுக்கு உப்பு தாங்காத பருவம் இரண்டு: நாற்றும், பூக்கும் காலமும். இடைப்பட்ட காலத்தில் கொஞ்சம் தாங்கும். அதனால் போர் தண்ணீரை நாற்றங்காலுக்கு விடாமல், குளத்துத் தண்ணீரோ முதல் வாய்க்கால் தண்ணீரோ கிடைக்கிற இடத்தில் நாலு பேர் சேர்ந்து சமுதாய நாற்றங்கால் போடப் பாருங்கள். நட்ட பிறகு காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடலாம். வயலில் துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயைப் புதைத்து, உள்ளே தண்ணீர் தரைமட்டத்திலிருந்து அரை அடி கீழே இறங்கியதும் பாய்ச்சுவதுதான் முறை. ஆனால் தண்ணீர் 2-க்கு மேல் கரிக்கிற வயலில் மண் நன்றாகக் காய்ந்தால் உப்பு மேலே வந்து படியும். அங்கே காய்ச்சலைக் குறைத்துக்கொள்ளுங்கள், பூக்கும் நேரத்தில் காய விடவே வேண்டாம். எந்த ரகம் என்பதை ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உங்கள் உப்பு எண்ணைக் காட்டிக் கேளுங்கள், கடைக்காரரிடம் கேட்காதீர்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகும் புதுப் போர் வேண்டும் என்று தோன்றினால், வண்டியைக் கூப்பிடுவதற்கு முன்னால் வேளாண்மைப் பொறியியல் துறையில் மின்தடை ஆய்வுக்கு எழுதிக் கொடுங்கள். குறைந்த கட்டணத்தில் செய்து தருகிறார்கள். களிமண் எங்கே, மணல் எங்கே, எந்த மணலில் உப்பு இருக்கக்கூடும் என்று அதில் ஓரளவு தெரிந்துவிடும். தேங்காய் பார்ப்பவரிடம் கொடுக்கும் காசை இதில் போடலாம். மச்சானுக்கு வருத்தம் வந்தால் வரட்டும்.

பழைய நாற்பது அடி பில்டர் பாயிண்ட் இன்னும் மண்ணுக்குள் கிடக்கிறதா? அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. பைப் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால், இரண்டாவது வெள்ளாமைக்குக் காத்திருக்காமல் களிமண்ணோ சிமெண்ட் கலவையோ இறக்கி அடைத்துவிடுங்கள். கைவிட்ட குழிகளை மூட வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. சோதனை முடிவு வந்ததும் மூன்று பாட்டில்களின் எண்ணையும் எழுதி அனுப்புங்கள். போர் போட்டபோது எத்தனை அடியில் ஸ்லாட் பைப் (தண்ணீர் உள்ளே வரத் துளையிட்ட பைப்) வைத்தார்கள் என்பது தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள், அது இல்லாமல் மேற்கொண்டு எதுவும் சொல்ல முடியாது.